எல்இடி இண்டிகேட்டர் போட்டபிறகு நாலும் சேர்ந்து அடிக்குது – உதவி தேவை

கிக்கர்_150:
150 சிசி பைக். நாலு 10 வாட் பல்பு இண்டிகேட்டரையும் கழற்றிட்டு எல்இடி போட்டாச்சு. இப்போ இடது பக்கம் போட்டா நாலும் எரியுது, அதுவும் படபடன்னு. பின்னாடி வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் திரும்புறோம்னே புரியாது. மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரே பச்சை லைட்தான். கூடுதலா கரண்ட் இழுக்குற ரெசிஸ்டர் போட்டா போதும்னு கடையில் சொல்றாங்க. போடலாமா?

ஃப்யூஸ்கட்டை:
இது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு.

வேகத்துக்குக் காரணம் ரிலே, அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்குற சின்ன டப்பா. பக்கத்துக்கு 20 வாட், அதாவது சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும்னு கணக்குப் போட்டுச் செஞ்சது அது. எல்இடி ரெண்டும் சேர்ந்து 3 வாட் இழுத்தாலே அதிகம். பல்பு ஒண்ணு போயிடுச்சுன்னு நினைச்சு ரிலே வேகமா அடிக்குது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலே மாத்துங்க. இக்னிஷன் ஆன் பண்ணி ரிலே சொருகுற சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைங்க: 12 வோல்ட் காட்டுற வயர் ரிலேயின் ‘பி’ (பேட்டரி) பின்னுக்கு, மற்றது ‘எல்’லுக்கு (லோடு, அதாவது இண்டிகேட்டர் பக்கம்). சில வண்டியில் சாக்கெட் இடம் மாறியிருக்கும். அப்படியே சொருகினா அடிக்காது. ரிலே டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க! மூணாவது பின் இருந்தா அது எர்த் (பேட்டரி நெகட்டிவ்). பத்து செகண்டில் 10 முதல் 20 தடவை அடிச்சா சரி.

நாலும் எரியுறதுக்கு அந்தப் பச்சை லைட் மேலதான் சந்தேகம். அந்த பல்பை மட்டும் உருவிட்டு இடது பக்கம் போட்டுப் பாருங்க.

கிக்கர்_150:
உருவிட்டேன். இடது பக்கம் மட்டும்தான் அடிக்குது!

ஃப்யூஸ்கட்டை:
அப்போ அதேதான். அந்த பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவுல தொங்குது. இடது போட்டா கரண்ட் அது வழியா வலது பக்கம் போய்த்தான் எர்த் ஆகும். அந்தச் சொற்பக் கரண்டில் 10 வாட் பல்பு எரியாது, எல்இடி எரிஞ்சிடும்.

1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுறது) ரெண்டு வாங்குங்க, சில்லறைக் காசுதான். பச்சை பல்பு ஹோல்டரின் ரெண்டு வயரையும் வெட்டி, ஒவ்வொண்ணிலும் ஒரு டயோடு. வெள்ளிக்கோடு போட்ட முனை ரெண்டையும் ஒண்ணா முறுக்கி, பற்றவைச்சு, ஹோல்டரின் ஒரு காலுக்குக் கொடுங்க. மறு கால் எர்த்துக்கு. மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற குழாய்) கட்டாயம். இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்துக் கழண்டுடும்.

ஸ்பேனர்_10_11:
ரெசிஸ்டர் போட்டா ரெண்டு கோளாறும் அடங்கும், கடைக்காரர் சொன்னது பொய்யில்ல. ஆனா 15 ஓம்ஸ் ரெசிஸ்டர் எரியும் நேரத்தில் 13 வாட் வரை சூடாகும். பிளாஸ்டிக் பேனலில் கட்டினா உருகும். எல்இடியில் மிச்சமான கரண்டும் வீண்.

இன்னொண்ணு: ஆரஞ்சு கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்இடி போட்டா பகலில் வெளுத்துத் தெரியும், ஆம்பர் எல்இடியே போடுங்க. டெயில் லைட்டை ஒட்டியும் வைக்காதீங்க. பிரேக் பிடிச்சா சிவப்பு வெளிச்சத்தில் ஆரஞ்சு அமுங்கிடும்.

கிக்கர்_150:
நன்றி அண்ணே. இதோட நாலையும் சேர்த்து அடிக்க வைக்குற ஹஸார்டு சுவிட்ச் ஒண்ணும் வைக்கலாமா? சிக்னலில் நேரா போறப்போ போட உதவும்.

ஸ்பேனர்_10_11:
வைக்கலாம், ஆனா நேரா போக அதைப் போடாதீங்க. இடது பக்கம் நிக்குற ஆட்டோக்காரருக்கு உங்க இடது இண்டிகேட்டர் மட்டும்தான் தெரியும். இடதுல திரும்புறீங்கன்னு நினைச்சுப்பார். வண்டி பழுதாகி ஓரமா நிக்கும்போது போடுங்க. வயரிங்குக்கு ரிலேயின் ‘எல்’லிலிருந்து சுவிட்ச், அங்கிருந்து பக்கத்துக்கு ஒரு டயோடு, வெள்ளிக்கோடு இண்டிகேட்டர் பக்கமா. டயோடு இல்லாம ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கினா மறுபடியும் நாலும் எரியும்.