மார்கஸ் ஃப்ரீமன் வளர்ந்தாரா, வளர்க்கப்பட்டாரா?

பழைய கணக்கன்:
நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து அணியை ஃப்ரீமனிடம் ஒப்படைத்தபோது அவருக்கு வயது 35. அதற்கு முன் எந்தக் கல்லூரி அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. பருவ முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் 28-7 என முன்னிலையில் இருந்தும் 37-35 எனத் தோற்றார். சொந்த மைதானத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் 26-21. வேறு இடமாக இருந்தால் மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். இதற்குப் பெயர் நிர்வாகத்தின் பொறுமை. அவருடைய வளர்ச்சி அன்று.

கெஜக்கோல்:
கணக்கரே, பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். 2023இல் ஓஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டநகர்வுகளிலும் களத்தில் இவருடைய தற்காப்பு வீரர்கள் பத்தே பேர்! ஒரு நொடி மிச்சமிருக்கையில் 17-14 எனத் தோல்வி. ஆள் எண்ணத் தெரியாதவர் என்று நானே அன்று திட்டினேன்.

2025 ஜனவரியில், தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் சுகர் பவுல் ஆட்டம். ஜார்ஜியாவை 23-10 என முந்தியிருக்கும்போது, சொந்த 18 கெஜக் கோட்டில், பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி, ஒரு கெஜம் பாக்கி. பந்தை உதைத்தனுப்ப வந்த 11 பேரையும் சட்டென வெளியேற்றிவிட்டுத் தாக்குதல் அணியின் 11 பேரை உள்ளே ஓடவைத்தார். குழம்பிப்போன ஜார்ஜியா, பந்து நகருமுன்னே கோட்டைத் தாண்டி ஆஃப்சைடு தவறில் சிக்கியது; தண்டனையாகக் கிடைத்த கெஜங்களால் பந்து இவர் அணியிடமே தங்கியது. எந்த இடத்தில் அவமானப்பட்டாரோ அதே ஆள்மாற்றத்தைத்தான் ஆயுதமாக்கினார்.

பழைய கணக்கன்:
அழகான தந்திரம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் யார்? தற்காப்பைக் கவனித்த ஆல் கோல்டன் முன்பு டெம்பிள், மயாமி அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். தாக்குதலுக்கு அனுபவசாலி டென்பிராக். இவர்கள் தோளில் ஏறி நின்றால் எவரும் உயரமாகத்தான் தெரிவார்.

திண்ணைக்காரி:
ஏறி நிற்கத் தோள் தேடுவதும் வேலையின் ஒரு பகுதிதானே, ஐயா? தன்னைவிட மூத்தவர்களை அழைத்து வந்து, அவர்கள் பேச்சைக் கேட்கிற முப்பத்தைந்து வயதுக்காரர்கள் எத்தனை பேர்?

கெஜக்கோல்:
அப்படிக் கேளுங்கள். 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 எனச் சொந்த ஊரிலேயே தோற்ற அணி, அடுத்து 13 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று இறுதிப்போட்டிக்குப் போனது. அங்கே ஓஹாயோ ஸ்டேட்டிடம் 34-23.

பழைய கணக்கன்:
2025ஐ ஏன் விட்டீர்கள்? மயாமியிடம் மூன்று புள்ளியில், டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் ஒரே புள்ளியில், மறுபடியும் தொடக்கத்திலேயே இரண்டு தோல்வி. பிறகு பத்து வெற்றி பெற்றும் பிளேஆஃபில் இடமில்லை. ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் இடறுகிறவர் எதைக் கற்றார்?

திண்ணைக்காரி:
அது மட்டும் எனக்கும் உறுத்துகிறது.