ஆட்டோகேட்டை வேலைக்கு ஏற்ப வளைப்பது: ஷார்ட்கட், மேக்ரோ, லிஸ்ப், பேட்ச் – அனுபவப் பகிர்வு

கேட் மேனேஜர்:

ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் வேகம் வேண்டும் என்றதும் பலரும் நேராக லிஸ்ப் (அதற்குள் ஓடும் நிரல் மொழி) ஃபைல் தேடப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பிஜிபி (ஷார்ட்கட் எழுத்துகள் உள்ள ஃபைல்), டெம்ப்ளேட் (புது டிராயிங்கின் தொடக்க மாதிரி) இரண்டையும் ஒழுங்கு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேனேஜ் டேப்பில் ‘எடிட் அலையஸஸ்’ அழுத்தினால் ஏகேட்.பிஜிபி நோட்பேடில் திறக்கும். வரிக்கு ஒரு ஷார்ட்கட்: முதலில் எழுத்து, பிறகு காற்புள்ளி, நட்சத்திரக் குறி, அதை ஒட்டி கமாண்டின் முழுப் பெயர். ஏற்கெனவே உள்ள வரிகளில் கை வைக்காதீர்கள். உங்களுடையதை ஃபைலின் கடைசியில் சேருங்கள். ஒரே ஷார்ட்கட் இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் வருவதுதான் செல்லும். புது வெர்ஷனுக்கு மாறும்போதும் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். சேவ் செய்தபின் ரீஇனிட் கமாண்ட் கொடுத்து பிஜிபி பெட்டியை டிக் செய்தால் சாஃப்ட்வேரை மூடித் திறக்க வேண்டியதில்லை. மவுஸ் வலக்கையில் இருந்தால், இடக்கை நகராமல் எட்டும் எழுத்துகளை அதிகம் பயன்படும் கமாண்டுகளுக்கு ஒதுக்குங்கள். காப்பிக்கு சி, சர்க்கிளுக்கு வேறு எழுத்து என்று மாற்றுவது நல்ல தொடக்கம்.

பிஜிபிக்கு ஒரு எல்லை உண்டு. கமாண்டின் பெயரை மட்டும்தான் சுருக்க முடியும், அதற்குள் இருக்கும் ஆப்ஷனைச் சேர்க்க முடியாது. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் (வரைந்தது முழுவதையும் திரையில் காட்டுவது) ஒரே தட்டலில் வேண்டும் என்றால் மேக்ரோவோ (பட்டனில் எழுதி வைக்கும் கமாண்ட் வரிசை) லிஸ்ப்போ வேண்டும்.

டெம்ப்ளேட்டில் லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல், பேஜ் செட்டப், டைட்டில் பிளாக் எல்லாம் இருக்கட்டும். ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் டேப்புக்குப் போய், கியூநியூ என்ற புது டிராயிங் கமாண்டுக்கான டிஃபால்ட் டெம்ப்ளேட்டாக அதையே காட்டுங்கள். டிராயிங்கின் அளவு அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பை மறக்கவே கூடாது: மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6, அங்குலத்துக்கு 1. அங்குல டிராயிங்கில் வரைந்த பிளாக்கை (ஒன்றாகச் சேர்த்துப் பெயரிட்ட உருவம்) மில்லிமீட்டர் டிராயிங்கில் போட்டால் அது 25.4 மடங்காக வருவது இந்த மதிப்பைப் பார்த்துத்தான். மில்லிமீட்டரிலேயே வரைந்த பிளாக் திடீரென்று அந்த அளவுக்கு ஊதி வந்தால், அதன் ஃபைலில் 4-க்குப் பதில் 1 இருக்கிறது என்று பொருள்.

இன்டீரியர் பிரிவு வரைவாளர்:

மேக்ரோவுக்கு மூன்று குறிகள் தெரிந்தால் போதும். தொடக்கத்தில் கேன்சலைக் குறிக்கும் கன்ட்ரோல்-சி குறி இரண்டு முறை. ஒன்று மட்டும் போட்டால், ஆப்ஷனுக்குள் நிற்கும் சில கமாண்டுகள் முழுதாக வெளியே வராது. அரைப்புள்ளி என்டருக்குச் சமம். பின்சாய்கோடு வந்தால் பயனர் கிளிக் செய்யும்வரை மேக்ரோ காத்திருக்கும். இதனால்தான் மேக்ரோவில் ஃபோல்டர் பாதை எழுதினால் இடையில் நின்றுவிடுகிறது. பாதையில் முன்சாய்கோட்டைப் போடுங்கள், சரியாகிவிடும்.

சொந்த பட்டன்களை மெயின் சியூஐஎக்ஸ் (மெனு, பட்டன் அமைப்புகள் உள்ள) ஃபைலில் சேர்க்காமல் தனியாக ஒரு பார்ஷியல் சியூஐஎக்ஸ் உருவாக்கி அதில் வையுங்கள். செட்டிங்ஸை ரீசெட் செய்தால் மெயின் ஃபைல் பழைய நிலைக்குப் போய்விடும். உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும், மறுபடி லோட் செய்துகொள்ளலாம்.

லிஸ்ப் எழுதுபவர்:

ஒரு லிஸ்ப் ரூட்டின் (சிறு நிரல்) கோடு போட்டுவிட்டது என்பதால் அது நல்ல ரூட்டின் ஆகிவிடாது. பயனர் பாதியில் எஸ்கேப் அழுத்தினாலும் டிராயிங்கின் செட்டிங்ஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரூட்டின்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

அடிக்கடி கேட்கும் புகார்: “கிட்டே ஜூம் செய்தால் சரியாக வரைகிறது, தள்ளி வைத்தால் கோடு வேறு எங்கோ போய் ஒட்டிக்கொள்கிறது.” காரணம் ஆஸ்னாப், அதாவது அருகிலுள்ள முனை போன்ற புள்ளிகளில் ஒட்டவைக்கும் வசதி. கணக்கிட்டு எடுத்த புள்ளியை ‘கமாண்ட்’ ஃபங்ஷன் வழியாக அனுப்பும்போதும் ரன்னிங் (எப்போதும் இயங்கும்) ஆஸ்னாப் வேலை செய்யும். ஸ்னாப் பிடிக்கும் வட்டத்தின் அளவு திரையின் பிக்சலில் இருக்கிறது. தள்ளி ஜூம் செய்தால் அதே பிக்சலுக்குள் பக்கத்து எண்ட்பாயிண்டும் வந்துவிடும், புள்ளி அங்கே தாவிவிடும். கையால் கோஆர்டினேட் டைப் செய்தால் ஏன் இது நடப்பதில்லை? ஆஸ்னாப்கோஆர்ட் என்ற வேரியபிளின் டிஃபால்ட் மதிப்பு 2. கீபோர்டில் டைப் செய்வதற்கு முன்னுரிமை, ஆனால் ஸ்கிரிப்ட்டாக வருவதற்கு அது கிடையாது என்பது அதன் பொருள்.

தீர்வு இரண்டு வகை. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ‘நன்’ என்ற ஸ்னாப்பை அடிக்கோட்டுடன் சேர்த்து அனுப்பலாம். இது அந்தப் புள்ளிக்கு மட்டும் ஸ்னாப்பை அணைக்கும், வேறெதையும் தொடாது. என் தேர்வு இதுதான். இல்லையென்றால் எந்த ஸ்னாப்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஓஎஸ்மோட் மதிப்பை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்து, 0 ஆக்கி, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கலாம். ஆனால் இந்த வழியில் எர்ரர் ஹேண்ட்லர் (ரூட்டின் பாதியில் நின்றால் ஓடும் பகுதி) கட்டாயம். அது இல்லாமல் பயனர் எஸ்கேப் அழுத்தினால் ஓஎஸ்மோட் 0-விலேயே நின்றுவிடும். “ஆஸ்னாப் தானாகவே போய்விடுகிறது” என்ற புலம்பல் எழுந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்ட ‘எர்ரர்’ ஃபங்ஷனை உங்கள் ரூட்டினுக்கு உள்ளேயே எழுதி, அதன் பெயரையும் லோக்கல் வேரியபிள் வரிசையில், சாய்கோட்டுக்குப் பின்னால் சேருங்கள். அப்போதுதான் ரூட்டின் முடிந்ததும் பழைய ஹேண்ட்லர் தானாகத் திரும்பும். ஹேண்ட்லருக்குள் ‘கமாண்ட்’ வேண்டாம், ‘கமாண்ட்-எஸ்’ பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் அன்டூ பிகின், முடிவிலும் ஹேண்ட்லரிலும் அன்டூ எண்ட் இருந்தால், ரூட்டின் செய்தது முழுவதும் ஒரே யு (அன்டூ) கமாண்டில் திரும்பிவிடும்.

மற்ற வேரியபிள்களையும் சாய்கோட்டுக்குப் பின் அறிவித்தே ஆக வேண்டும். விட்டால் அவை அந்த டிராயிங்கில் அப்படியே தங்கும். ‘பிடி’, ‘எஸ்எஸ்’ என்று எல்லாரும் வைக்கிற பெயர்கள்தானே, அடுத்து ஓடும் ரூட்டின் பழைய மதிப்பை எடுத்துக்கொள்ளும். எழுதியவர் கணினியில் ஓடுகிறது, மற்றவரிடம் ஓடவில்லை என்ற பிரச்சினைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் இரண்டு. ‘கமாண்ட்’ ஃபங்ஷன் புள்ளியை நடப்பு யூசிஎஸ்ஸில் (பயனர் அமைத்த கோஆர்டினேட் அச்சுகள்) எடுத்துக்கொள்ளும். என்ட்மேக் என்ற ஃபங்ஷனில் லைன் உருவாக்கும்போது வேர்ல்டு கோஆர்டினேட்டில் கொடுக்க வேண்டும், எனவே ‘டிரான்ஸ்’ வழியாக மாற்றிக் கொடுங்கள். யூசிஎஸ் திருப்பிய டிராயிங்கில் மட்டும் பொருள்கள் வேறு இடத்தில் விழுந்தால் விஷயம் இதுதான். அடுத்தது எண்ணை எழுத்தாக்கும் ஆர்டிஓஎஸ் ஃபங்ஷன்: 2 தசமம் கேட்டும் 2.50 என்பது 2.5 என்று வந்தால் டிம்ஜின் வேரியபிளின் மதிப்பைப் பாருங்கள். அதில் 8 சேர்ந்திருந்தால் கடைசிச் சுழியங்களை வெட்டிவிடும்.

பைப்பிங் பிரிவில் இருப்பவர்:

வால்வு, ஃபிட்டிங் எண்ண லிஸ்ப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்கெட் ஃபங்ஷனில் டிஎக்ஸ்எஃப் கோடு (பொருளின் ஒவ்வொரு தகவலுக்குமான எண்) 0-க்கு இன்சர்ட், கோடு 2-க்கு பிளாக் பெயர் என்று ஃபில்டர் கொடுத்தால் சாதாரண பிளாக்குகள் ஒழுங்காக வரும். டைனமிக் பிளாக் என்றால் எண்ணிக்கை குறையும். பயனர் அதை இழுத்தோ விசிபிலிட்டியை மாற்றியோ வைத்தால், ஆட்டோகேட் உள்ளுக்குள் அதற்கு நட்சத்திரம், யு, ஓர் எண் என்று அநாமதேயப் பெயர் கொடுத்துவிடும். மாற்றாமல் விட்டவை மட்டுமே ‘வால்வு’ என்ற பெயரில் கிடைக்கும். பட்டியல் பார்வைக்குச் சரியாக இருக்கும், பொருள் மட்டும் குறைவாக ஆர்டர் ஆகும்.

ஃபில்டரில் பிளாக் பெயரோடு காற்புள்ளி போட்டு, நட்சத்திரம்-யு-நட்சத்திரம் என்பதையும் சேருங்கள். முதல் நட்சத்திரத்துக்கு முன் தலைகீழ் மேற்கோள் குறி வேண்டும், கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருப்பது. அது இல்லாவிட்டால் நட்சத்திரத்தை வைல்டு கார்டாக எடுத்துக்கொண்டு, பெயரில் யு உள்ள எல்லா பிளாக்கையும் அள்ளிவிடும். கிடைத்தவற்றில் ஒவ்வொன்றின் எஃபெக்டிவ் நேமையும் (மூல பிளாக்கின் பெயர்) ஒப்பிட்டு, பொருந்துவதை மட்டும் எண்ணுங்கள்.

எஸ்எஸ்கெட்டின் எக்ஸ் ஆப்ஷன் ஃப்ரீஸ் செய்த லேயரில் உள்ளதையும், எல்லா லேஅவுட்டில் உள்ளதையும் சேர்த்து எடுக்கும். மாடல் மட்டும் போதுமென்றால் கோடு 410-க்கு மாடல் என்று கொடுங்கள். இன்னொரு பிளாக்குக்குள் இருப்பதும் எக்ஸ்ரெஃபுக்குள் (இணைத்த வெளி டிராயிங்) இருப்பதும் இதில் வராது. கோடிங் வேண்டாம் என்றால் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் இருக்கிறது, 2022 வெர்ஷன் முதல் கவுன்ட் கமாண்டும் உண்டு.

பேட்ச் வேலை பார்ப்பவர்:

நூற்றுக்கணக்கான டிராயிங்கில் ஒரே திருத்தம் என்றால் ஏசிகோர்கன்சோல் (கோர் கன்சோல்) என்ற நிரல் இருக்கிறது. 2013 வெர்ஷனிலிருந்து ஆட்டோகேட் நிறுவிய ஃபோல்டரிலேயே கிடைக்கும். திரை இல்லாமல் ஓடுவதால் வேகம் அதிகம். சாய்கோடு-ஐ தந்து டிராயிங், சாய்கோடு-எஸ் தந்து ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல்). விண்டோஸ் பேட்ச் ஃபைலில் ஒரு ஃபார் லூப் போட்டால் ஃபோல்டர் முழுவதும் ஓடும். முதலில் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட்டில் ஒரு ஸ்பேஸும் என்டர்தான். வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் இருந்தால் முந்தைய கமாண்ட் மறுபடி தொடங்கி, அடுத்த வரிகள் எல்லாம் தவறான கேள்விக்குப் பதிலாகப் போகும். கடைசி வரிக்குப் பின் என்டர் இல்லாவிட்டால் கடைசி கமாண்ட் முடியாமல் நிற்கும். ஸ்பேஸ் உள்ள ஃபைல் பெயரை மேற்கோளுக்குள் வையுங்கள். டயலாக் திறக்கும் கமாண்டுகளுக்கு முன்னால் ஹைஃபன் சேருங்கள். பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜுக்கும் அப்படியே. ‘ஆல்’ கொடுத்தாலும் ரெக்ஆப்ஸ் (டிராயிங்கில் பதிவான செயலிப் பெயர்கள்) போகாது, அதற்குத் தனியாக இன்னொரு முறை பர்ஜ் கொடுக்க வேண்டும்.

ஆட்டோகேட்டுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் ஓட்டும்போது ஃபைல் விண்டோவைக் காட்டும் ஃபைல்டியாவை 0 ஆக்கியிருந்து ஓட்டம் பாதியில் நின்றால், பிறகு ஓப்பன் கொடுத்தாலும் விண்டோ வராது. ஃபைல்டியா 1 என்று டைப் செய்தால் திரும்பிவிடும்.

மேலே சொன்ன எஃபெக்டிவ் நேம் முறை கோர் கன்சோலில் ஓடாது, ஏனென்றால் ஆக்டிவ்எக்ஸ் சார்ந்த விஎல்ஏ ஃபங்ஷன்கள் அங்கே இல்லை. அநாமதேய பிளாக்கின் பிளாக் ரெக்கார்டில் ஏசிடிபிபிளாக்ரெப்பிடேக் என்ற எக்ஸ்டேட்டா (இணைத்த கூடுதல் தகவல்) இருக்கும். அதில் கோடு 1005-இல் உள்ள ஹேண்டிலை (பொருளின் அடையாள எண்) பிடித்தால் மூல பிளாக்கின் பெயர் கிடைத்துவிடும்.

கேட் மேனேஜர்:

எழுதியதை எல்லாருக்கும் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஏகேட்டாக்.எல்எஸ்பி ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் லோட் ஆகும். ஏகேட்.எல்எஸ்பி டிஃபால்ட்டாக ஒரு செஷனுக்கு ஒரே முறைதான். முதல் டிராயிங்கில் ஓடிய கமாண்ட் இரண்டாவதில் “தெரியாத கமாண்ட்” என்றால், அது தவறான ஃபைலில் இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒரே ஃபோல்டர், மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும். அந்தப் பாதையை டிரஸ்டட்பாத்ஸில் (நம்பகமான ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்து, செக்யூர்லோடை (மற்ற இடத்து நிரல்களுக்கு எச்சரிக்கும் அமைப்பு) 1-லேயே விடுங்கள். எச்சரிக்கை விண்டோ தொந்தரவு என்று 0 ஆக்குவது ஆபத்து. வெளியிலிருந்து வரும் ஜிப்பில் டிராயிங்கோடு ஏகேட்.எல்எஸ்பி, ஏகேட்டாக்.எல்எஸ்பி, ஏகேட்.எஃப்ஏஎஸ் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் திறக்கும் முன் அழித்துவிடுங்கள். தானாகப் பரவும் வைரஸ்கள் இந்தப் பெயர்களில்தான் வருகின்றன. யாரும் வைக்காமலே புராஜெக்ட் ஃபோல்டர்களில் அந்த ஃபைல்கள் முளைத்தால் ஏற்கெனவே பரவிவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைந்த பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு: 2024 வெர்ஷனிலிருந்துதான் அதில் லிஸ்ப் ஓடும். அதற்கு முந்தைய எல்டியில் பிஜிபி, மேக்ரோ, ஸ்கிரிப்ட் மூன்றும்தான் கைவசம். மேக்கில் லிஸ்ப் உண்டு, விஎல்ஏ இல்லை.