பிள்ளை பெற்ற உடம்பும் தீட்டு நிற்கிற வயதும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கோ

ஒட்டுசுட்டான் மகள்:

மார்கழி மழை. முத்தையன்கட்டு வான் பாயப்போகுது என்று எல்லாரும் பதறிக்கொண்டிருந்த நேரம். நடுச்சாமம் விழித்துப் பார்த்தால் அம்மாவின் பாய் வெறுமையாகக் கிடக்கிறது. டோர்ச் அடித்துக்கொண்டு வெளியே போனேன். அந்த மழைக்குள்ளேயும் அம்மா கிணற்றடியில் நின்று அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுகிறார். "என்னம்மா விசர் வேலை இது?" என்றேன். "உள்ளுக்குள்ள எரியுது பிள்ளை. நீ போய்ப் படு."

2009இல் எங்கள் அண்ணா காணாமல் போனவர். அதனால் ஊருக்குக் காரணம் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மகனை நினைத்து மனிசிக்கு நித்திரை இல்லை, அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போன இடத்தில் டொக்டரும் தலை நிமிராமல் "வீட்டில ஆரும் காணாமல் போனவையோ?" என்று கேட்டார். ஓம் என்றவுடன் நித்திரைக் குளிசை எழுதிவிட்டார். வெளியே வந்து வாங்கிலில் இருந்தபடி அம்மா சொன்னது இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது: "கொண்ணனை நினைச்சு நித்திரை வராமல் கிடக்கிறது எனக்குப் பழக்கம். அது நெஞ்சில தொடங்கும். இது கழுத்தில தொடங்கி உச்சிக்கு ஏறுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே எனக்கு?"

அப்போது அம்மாவுக்கு 47 வயது. தீட்டு ஒரு மாதம் வரும், பிறகு மூன்று மாதம் வராது. கடைசியாக எப்போது வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

சோளகம்:

எனக்கு நேர் மாறு. எரிவு இல்லை, குளிர்!

ஆவணி வெயில், கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போகிற மினிபஸ். நான் சுவெற்றர் போட்டு, அதற்கு மேலே சால்வையும் போர்த்திக்கொண்டு இருக்கிறேன். மடியில் ஆறு மாதப் பிள்ளை. கொண்டக்டர் தம்பி ரிக்கற் காசு வாங்கும்போது "அக்கா நுவரெலியாவுக்கோ?" என்று கேட்க முழு பஸ்ஸும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு இறங்க வேண்டிய இடத்தின் பெயர் வாயில் வரவில்லை. பிறந்த ஊர் அது!

இதில் பகிடி என்னவென்றால், பிள்ளைக்கு இரண்டு மாதமாக இருந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், உடம்பு கடகடவென்று வற்றியது. சனமெல்லாம் "பிள்ளை பெத்தவள் மாதிரியே இல்லை, என்ன வடிவாய் இருக்கிறாய்" என்று புகழ்ந்தார்கள். அதுதான் வருத்தத்தின் முதல் பாதியாம். தைரொயிட் சுரப்பி அழற்சியில் வைத்திருந்த ஹோர்மோனை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும், பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் படுத்துவிடும். இரண்டாவது பாதியில்தான் குளிர், மறதி, மலச்சிக்கல், தலைமயிர் கொத்தாகக் கொட்டுவது எல்லாம். மாமிக்கு அது "சிசேரியன் சோம்பல்".

கண்டுபிடித்தது எங்கள் மிட்வைஃப். பிள்ளையை நிறுக்க வந்தவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு டி.எஸ்.எச். என்கிற தைரொயிட் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை அதோடு சேர்த்துப் போடக்கூடாது, நாலு மணித்தியாலம் தள்ளித்தான் போடவேண்டும். எனக்கு அதையும் அவர்தான் சொன்னார். குளிசை தந்த கடையில் சொல்லவில்லை.

வேர்க்கொம்பு:

தங்கச்சி சோளகம், கோவிக்காதையும். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மல்லி எல்லாம் அரைத்துக் கொடுக்கிற சரக்கு ஒழுங்காகச் சாப்பிட்டீரோ? எங்கள் அம்மா, அம்மம்மா காலத்தில் தைரொயிட், ஹோர்மோன் என்று ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை பெற்றால் முப்பத்தொன்றாம் நாள் வரைக்கும் சரக்குக் கறியும் வேது குளிப்பும்தான். எழும்பி வயலுக்குப் போய்விடுவார்கள்.

நான் பெற்றது செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள். சரக்குக்கு எங்கே போவது? நிவாரணப் பருப்பை ஆருக்கோ கொடுத்து மாற்றி, அம்மா ஒரு கைப்பிடி மல்லியும் கொஞ்சம் மிளகும் கொண்டுவந்தார். அம்மி இல்லை. இரண்டு கல்லை எடுத்துக் கழுவி, கூடார வாசலில் குந்தியிருந்து குத்தினார். பாதி மண். அந்தக் கறியை வாயில் வைத்தபோது பல்லில் நறநறத்தது. அது ஒரே ஒரு நேரச் சாப்பாட்டுக்குத்தான் காணும். இப்போது எனக்கு 46. முழங்காலும் தோளும் காலையில் மடக்க ஏலாமல் நோகிறது. அன்றைக்குச் சரக்குக் காணாத உடம்புதான் இன்றைக்குக் கேட்கிறது என்பது என் முடிவு. ஆரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

மாற்றித்தான் சொல்லப்போகிறேன் பிள்ளை வேர்க்கொம்பு. ஆனால் அதற்கு முன் என் கதை.

துணுக்காய்ப் பக்கம் ஒரு அம்மா. தீட்டு நின்று மூன்று வருடம். மருமகளின் பிள்ளையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். கொடியில் காய்ந்த சேலையைக் காற்றுத் தூக்கியபோது அதன் கீழே மறைத்துப் போட்டிருந்த துணியைக் கண்டேன். மருமகளுக்கு அது தேவைப்படுகிற நேரம் இல்லை. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலையை இழுத்து மூடிவிட்டு "தேத்தண்ணி குடியுங்கோ மிஸ்ஸி" என்றார்.

இனி எல்லாரும் கேளுங்கோ. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு. அதுவரைக்கும் பிள்ளை தங்கலாம், கவனம். நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் காட்டவேண்டும். வயல் வேலை கூடிவிட்டது, சூடு என்று காரணம் சொல்லக்கூடாது. பல நேரம் பெரிய வருத்தமாக இராது. ஆனால் கருப்பைப் புற்றுநோய் முதலில் காட்டுவதும் இப்படித்தான், அந்த நேரத்தில் பிடித்தால் சுகமாக்கலாம். 40க்கு முதலே நின்றாலும் காட்டவேண்டும். எலும்பும் இதயமும் வெள்ளனவே பழுதாகலாம்.

ஒட்டுசுட்டான் மகள், உங்கள் அம்மா சொன்ன அடையாளம் சரியான அடையாளம். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹோர்மோன் குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைப் பார்க்கிற பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறி வேர்வையைத் திறந்துவிடும். ஹோர்மோன் மருந்து இதற்கு நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்ததோடு உலகமே பயந்து அந்த மருந்தை விட்டது. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. 60க்குக் கீழே, தீட்டு நின்று பத்து வருடத்துக்குள், வேறு வருத்தம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் நன்மைதான் கூட என்பது இன்றைய நிலைப்பாடு. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொருந்தாது, இரத்தம் கட்டிய வருத்தம் இருந்தவர்கள் டொக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, புரொஜெஸ்ட்ரோனும் சேரவேண்டும். ஹோர்மோன் ஏலாதவர்களுக்கு வேறு குளிசைகளும் இருக்கு.

அடுத்தது சரக்கு. மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு. சாப்பிடுங்கோ, வாய்க்கும் நல்லது. நச்சுக்கொடி விழுந்தவுடன் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்ட்ரோனும் சடாரென்று இறங்கும், அதை எந்தச் சரக்கும் தடுக்காது. அதோடு நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கு: "வயிறு வைக்கும்" என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை மறிக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு ஏற்கனவே தாகம். தண்ணீர் காணாவிட்டால் மலம் இறுகும், சலக்கடுப்பு வரும். பிள்ளை பெற்ற வாரங்களில் இரத்தம் கட்டுகிற ஆபத்தும் கூட. அந்த நேரம் உடம்பைக் காயப்போடலாமோ?

முழங்கால் நோவும் 46 வயதும் சேர்ந்து வந்தால் அது சரக்கின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. தீட்டு நிற்கப்போகிற காலத்தில் மூட்டு நோவு வருகிறது சாதாரணம். தோள் இறுகுவதும் இந்த வயதுப் பெண்களுக்குக் கூட. நின்ற முதல் வருடங்களில்தான் எலும்பு கெதியாகக் கரையும். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கோ, எள்ளு, குரக்கன், கீரை. நடவுங்கோ. சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவது சும்மா இல்லை. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள், இலவசம். கிளிநொச்சிப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் சுகாதாரச் சிறப்பு மையமும் 2024இல் திறந்துவிட்டார்கள்.

ரக்ரர்காரன்:

மிஸ்ஸி, கதை சொல்லச் சொன்னால் நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். துணுக்காய் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லவே இல்லையே?

நான் ஆம்பிளை, எழுதலாமோ தெரியாது. துடக்குக் கழிக்க முன்னம் நடந்தது. மனிசி குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. பிள்ளை தொட்டிலில் வீரிட்டு அழுகிறது. நான் ஓடிப்போய்த் தூக்கிவந்து நீட்டினேன். அவ நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், "இது ஆற்ற பிள்ளை? தாயைக் கூப்பிட்டுக் குடுங்கோவன்" என்றா. திரும்பவும் உள்ளி உரிக்கத் தொடங்கினா.

அதற்கு முதல் பல இரவாக அவவுக்கு நித்திரையே இல்லை, பிள்ளை படுத்தாலும் அவ படுக்கிறதில்லை. என்ர அம்மா கண்ணூறு என்று நூல் கட்டுவித்தா. நூலும் கட்டினோம், அன்று பின்னேரமே ரக்ரரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் போனோம். கொஞ்ச நாள் வைத்திருந்து மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அவ நல்ல சுகம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். எனக்குப் பொறுக்காதது வேறு. இன்றைக்கும் அயலில் குழந்தை பிறந்தால், எங்கள் வீட்டிலிருந்து பார்க்கப் போகிற எல்லாருடைய கையிலும் குழந்தையைக் கொடுப்பார்கள். அவ கை நீட்டினால் மட்டும் "இப்பத்தான் பால் குடிச்சது, நித்திரையாகட்டும்" என்பார்கள்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

துணுக்காய் அம்மாவை என் இடமாற்றத்துக்குப் பிறகு காணவில்லை தம்பி. அதனால்தான் எழுதினேன்.

நீங்கள் அன்றைக்கே கொண்டுபோனது சரி. மூன்றாம் நாள், நாலாம் நாள் தாய் அழுவது கனபேருக்கு வரும், இரண்டு கிழமைக்குள் போய்விடும். அதற்கு மேலே இழுத்தால் மனச்சோர்வு, காட்டவேண்டும். ஆனால் பிள்ளையை அடையாளம் தெரியாமல் கதைத்தால், இல்லாத குரல் கேட்டால், ஒரு இரவுகூடப் பொறுக்கக்கூடாது, தாயையும் பிள்ளையையும் தனியே விடவும் கூடாது. ஆரோடும் கதைக்கவேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

பெயர் வேண்டாம்:

இங்கே ஆம்பிளைகளும் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். அவரோடு சேரும்போது எரிவு, உலர்ந்துபோன மாதிரி. வேண்டாம் என்று சொல்லவில்லை, முகம் சுளித்துவிட்டேன் போல. அவர் ஒன்றும் கதைக்காமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடியக் காலமை தானே பிளேன்ரீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். விருப்பமில்லை என்று நினைக்கிறார். எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சோளகம்:

ஐயோ தங்கச்சி, எனக்கும் இருந்தது. பால் சுரக்கிற ஹோர்மோன் கூடும்போது ஈஸ்ட்ரோஜன் கீழே போய்விடும், தீட்டு நிற்கிற வயதுக்காரருக்கு வருகிற அதே உலர்வுதான். பாமசியில் தண்ணீர் சேர்ந்த ஜெல் இருக்கு, பெயர் சொல்லக் கூச்சமென்றால் எழுதிக் கொடும். அதுக்கும் சரிவராவிட்டால் டொக்டர் தடவுகிற கிறீம் தருவார். அவரிடம் இந்தப் பக்கத்தையே காட்டும்.

வேர்க்கொம்பு:

தண்ணீர் விஷயத்தில் மிஸ்ஸி சொல்வது சரி. என்ர அம்மாவும் மறிக்கவில்லை, முகாமில் பவுசர் வந்தால்தானே தண்ணீர், மறிக்க என்ன இருந்தது? சரக்கில் நான் இறங்கி வரமாட்டேன். என் மூத்த மகளுக்கு இந்த மாசியில் நாள். மல்லி காயப்போட்டாயிற்று, இந்தமுறை மண் இல்லாமல் அரைப்பேன்.

சரி, அந்தச் சுகவனிதையர் கிளினிக் நெடுங்கேணிப் பக்கம் எந்தக் கிழமை? 45 தாண்டினவர்களையும் பார்ப்பார்களோ?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

பார்ப்பார்கள். நாளை உங்கள் பகுதி மிட்வைஃபைக் கேளுங்கோ, இடத்துக்கு இடம் கிழமை மாறும். மகளுடைய கிளினிக் அட்டையில் அந்த மிட்வைஃபின் போன் நம்பர் இருக்கும்.