எம்டன் கொழும்பில் குண்டு போட்டதாம்!

பழுப்புத்தாள்:
நேற்று இங்கே ஒருவர் அளந்திருக்கிறார்: 1914இல் ஜெர்மன் கப்பல் எம்டன் கொழும்பு மீது குண்டு போட்டதாம், அவருடைய அப்பப்பா காலிமுகத்திடலில் நின்று பார்த்தாராம். எம்டன் சுட்டது சென்னையை. செப்டம்பர் 22 இரவு, எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. கொழும்பில் ஒன்றும் விழவில்லை. சுவடிகள் கூடத்தில் அந்த மாதத்து ஒப்சேவர் பத்திரிகைக் கட்டைப் புரட்டிவிட்டுத்தான் சொல்கிறேன். தாளின் ஓரம் நனைந்த பிஸ்கட் மாதிரிக் கையோடு வருகிறது, கப்பல் வரவுப் பத்தியை மூச்சுவிடாமல் படிக்க வேண்டும். குண்டு விழுந்தது எந்தத் தெருவில் ஐயா?

கொட்டாஞ்சேனையான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லப் பயமோ? யுத்தக் காலத்துப் பேப்பரில் தணிக்கை. வெள்ளைக்காரன் தான் வாங்கிய அடியைத் தானே அச்சடிப்பானா?

பழுப்புத்தாள்:
சென்னையில் வாங்கிய அடியை அச்சடித்தானே! எந்தத் தெரு?

வெள்ளவத்தை மாமி:
தம்பிமார், செப்டம்பர் கடைசியில் இலங்கைக்குக் கிட்டத்தான் கிங் லட், டைமெரிக் கப்பல்கள் எல்லாம் எம்டனால் மூழ்கின. கொழும்பின் தேடுவிளக்கு வெளிச்சம் எம்டன்காரருக்குத் தெரிந்ததாம். அதுவும் தாக்குதல்தானே?

கொட்டாஞ்சேனையான்:
பார்த்தீரா! விளக்குத் தெரியும் தூரம் வந்தவன் சும்மா திரும்புவானா?

பழுப்புத்தாள்:
திரும்பினான். அப்புறம் எம்டன் ஆட்கள் கொழும்பில் இறங்கியது நவம்பரில், எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி கொண்டுவந்த கைதிகளாக. தெரு?

துறைமுகத்தான்:
அப்பப்பா பார்த்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று வந்த ஜப்பான் விமானங்களாக இருக்கும். விடுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
அப்பப்பா 1938இல் செத்துப்போனார். அவரையும் திருத்தப் போகிறீர்களா? ஆங்கிலப் பேப்பரை விட்டு 1914 வீரகேசரியைப் பாரும்.

பழுப்புத்தாள்:
1914 வீரகேசரியா! அது பிறந்ததே 1930இல். இவரோடுதான் நான் வரலாறு பேச வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையான்:
பெரிய மேதை. போன வருஷம் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் 1867 என்று ஒற்றைக் காலில் நின்றவர் யார்? கட்டியது 1857.

பழுப்புத்தாள்:
நான் சொன்னது மேலே வெளிச்சவீட்டு விளக்கு ஏற்றிய வருஷம். அன்றைக்கும் நீர் முழுக்கப் படிக்கவில்லை.

துறைமுகத்தான்:
1914இல் அது மதராஸ், சென்னை இல்லை. சும்மா சொன்னேன்.

பழுப்புத்தாள்:
நீர் சும்மாவே இரும். எந்தத் தெரு?

வெள்ளவத்தை மாமி:
யாலக் காட்டில் காவலராக வேலை செய்த எங்கெல்பிரெக்ட் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தான் என்று பிடித்து அடைத்தார்களே, அந்தச் செய்தி ஒப்சேவரில் வந்ததா தம்பி?

பழுப்புத்தாள்:
மாமி, அது வேறு இழை. இங்கே பேச்சு குண்டு.

கொட்டாஞ்சேனையான்:
குண்டுத் துண்டே எங்கள் வீட்டில் இருக்கிறது. இரும்பு. உள்ளங்கை அளவு.

பழுப்புத்தாள்:
படம் போடும்.

கொட்டாஞ்சேனையான்:
வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமான் எல்லாம் கட்டிப் பரணில் கிடக்கிறது.

பழுப்புத்தாள்:
சரி, தெருவையாவது சொல்லும்.

கொட்டாஞ்சேனையான்:
தெருப் பெயரெல்லாம் இப்போது மாற்றிவிட்டார்கள்.