'ரைவல்' என்ற சொல்லும் வாய்க்கால் தண்ணீரும்

கடைமடைவாசி, திருத்துறைப்பூண்டி:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொற்களின் இலத்தீன் வேர்களைத் தேடிப் படிப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்ற சொல்லுக்கு அகராதியில் கண்ட விளக்கம் சில நாள்களாக என்னை விட்டு அகலவே இல்லை. இலத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை அல்லது வாய்க்கால்; 'ரீவாலிஸ்' என்றால் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இன்னொருவன்.

படித்ததும் என் தாத்தாவும் அவருடைய பெரியப்பா மகனும் கண்முன் வந்து நின்றார்கள். கடைமடையாகிய எங்கள் ஊருக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். எங்கள் முறை வந்த ஓர் இரவில் வயல் நனையவில்லையே என்று தாத்தா டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தபோது, எங்கள் மடைவாய் வைக்கோல் திணிக்கப்பட்டு, களிமண்ணால் மெழுகி அடைக்கப்பட்டிருந்தது. மண்ணில் பதிந்த விரல் தடம்கூட ஈரம் காயாமல் இருந்ததாம். அதன்பின் இரு வீட்டாருக்கும் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஆற்றைக் குறிக்கும் 'ரிவர்' என்பதும் இதே வேரில் பிறந்ததுதானா? பங்கிட்டுக்கொள்பவனே பகைவனாகிப்போன இந்தப் பொருள் மாற்றம் தமிழ்ச் சொல் எதிலேனும் உண்டா?

வெண்ணாற்றங்கரை:

முதல் ஐயத்துக்கு விடை: இல்லை. ஒலி ஒத்திருப்பதால் பலரும் இவ்விரண்டையும் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடுகிறார்கள். 'ரிவர்' என்பதற்கு மூலம் 'ரீப்பா', அதாவது கரை. அச்சொல்லின் பகரம் பிரெஞ்சு மொழிக்குள் வரும்போது வகரமாகத் திரிந்தது. 'ரைவல்' என்பதிலோ வகரம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆக, ஆங்கிலேயர் ஆற்றுக்குக் கரையைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். வந்து சேர்வதைச் சொல்லும் 'அரைவ்' என்பதும் இந்தக் கரையிலிருந்து வந்ததே. கரையை அடைதல் என்பதுதான் அதன் முதற்பொருள். நாம் 'கரை சேர்ந்தான்' என்று சொல்வதோடு இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது. காவிரி வழக்கில் அடிக்கடி கேட்கும் 'ரைபேரியன்' மாநிலம், அதாவது ஆற்றின் கரையில் அமைந்த மாநிலம், என்ற சொல்லும் இந்த 'ரீப்பா'வின் வழிவந்ததுதான்.

'ரீவாலிஸ்' என்பது ரோமானியச் சட்டத்திலும் இடம்பெற்ற சொல். ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், ஒரே வாய்க்கால் வழியே நீர் கொண்டுசெல்வோருக்கு இடையே தண்ணீரைப் பற்றி எழும் வழக்கை உல்பியன் என்ற சட்ட அறிஞர் குறிப்பிடும்போது, அவர்களை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். உங்கள் தாத்தாவின் மடைக்கும் அங்கே விதி இருந்திருக்கும். ஆனால் உல்பியனுக்குப் பல நூற்றாண்டு முன்பே, ரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டஸின் நாடகங்களில் இச்சொல் ஒரே பெண்ணை விரும்பும் இருவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

குடந்தை ஆசிரியை:

இரண்டாவது ஐயத்துக்குப் 'பங்காளி' என்ற சொல்லைத்தான் சொல்வேன். பங்கை ஆள்பவன் என்பதற்கு மேல் அச்சொல்லில் பகை ஏதும் இல்லை. ஆயினும் 'பங்காளிச் சண்டை', 'பங்காளிக் காய்ச்சல்' என்று நாம் வழங்கும்போது பங்கைவிடப் பகையே முன்னால் நிற்கிறது. ரோமானியன் வாய்க்காலில் கண்டதை நாம் குடும்பச் சொத்தில் கண்டிருக்கிறோம். ஐயா சொன்ன நிகழ்ச்சியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

'ரீவுஸ்' வேரில் பிறந்த இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் மற்றொன்றிலிருந்து பிறப்பதை ஆங்கிலத்தில் 'டெரிவேஷன்' என்கிறோமே, அதன் மூலமான 'தேரிவாரே' என்பதற்கு ஓடையிலிருந்து நீரைப் பிரித்துத் திருப்பிவிடுதல் என்று பொருள். நாம் சொல்லை மரமாகக் கண்டு வேர்ச்சொல் என்கிறோம். இச்சொல்லை ஆக்கியவர்கள் அதைப் பாசன நீராகக் கண்டார்கள். கல்லணையில் நின்று காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிவதைப் பார்க்கும் எவருக்கும் அகராதி இல்லாமலேயே இச்சொல் விளங்கிவிடும்.

கடைமடைவாசி, திருத்துறைப்பூண்டி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் குறிப்பேட்டில் வாய்க்கால் என்ற தலைப்பின்கீழ் எழுதியிருந்த 'ரிவர்' என்பதை அடித்துவிட்டு, கரைக்கு எனத் தனிப் பக்கம் தொடங்கி அங்கே எழுதிக்கொண்டேன். அதன் அடியில் 'அரைவ்', 'ரைபேரியன்' இரண்டையும் சேர்த்துவிட்டேன். பழைய பக்கத்தில் 'ரைவல்' என்பதற்கு எதிரே இப்போது 'பங்காளி' இருக்கிறது.