டேங்க் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உயரமும் பருமனும்

ஊர்சுற்றி:
போன கோடையில் இங்கிலாந்தின் போவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டேங்க்கான ஷெர்மன் முன்னால் நின்றதும், இது ஏன் இப்படி மாடிவீடு மாதிரி நிற்கிறது என்றுதான் தோன்றியது. உயரம் 2.74 மீட்டர். காரணம் என்ஜினாம். போர் அவசரத்தில் அமெரிக்கர்கள் கையில் இருந்த விமான என்ஜினைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டார்கள். சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரகம் என்பதால் அதன் தண்டு நல்ல உயரத்தில் வருகிறது. கியர்பாக்ஸோ முன்னால். நடுவில் அந்தத் தண்டு ஓடவேண்டும், அதற்கு மேல் ஆட்கள் உட்கார வேண்டும். வேறு வழி?

அதே இடத்தில் ஸ்வீடனின் எஸ்-டேங்க்கும் இருக்கிறது. அதற்கு டரட்டே (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) கிடையாது, பீரங்கி உடலோடு பொருத்தியது. கூரை சுமார் 1.9 மீட்டரில். நான் ஐந்தடி பத்து, கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம். ஆனால் குறி வைக்க முழு வண்டியையே திருப்ப வேண்டும், ஏற்றி இறக்க வேண்டும். ஓடிக்கொண்டே சுடுவதெல்லாம் நடக்காது. உயரம் குறைந்ததற்கு இது கொஞ்சம் அதிக விலை என்றே நினைக்கிறேன்.

பழைய லோடர்:
வெளியே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும் தம்பி. நான் நம் ராணுவத்தின் பழைய விஜயந்தா டேங்க்கில் லோடராகத் தொடங்கி, பிறகு ரஷ்ய வடிவமைப்பான டி-72க்கு மாறியவன். விஜயந்தாவில் நாலு பேர். லோடர் நின்றுகொண்டு குண்டை எடுத்துத் தள்ளுவான். ஒருவன் நிற்க வேண்டும் என்றாலே டரட் உயர்ந்துதான் ஆகவேண்டும். டி-72இல் அந்த ஆளையே எடுத்துவிட்டார்கள். தரையில் வட்டமாக 22 குண்டுகள் அடுக்கிய தட்டு, மெஷினே ஏற்றிவிடும். மூன்று பேர், 125 மி.மீ. பீரங்கி, எடை 41 டன்னைச் சுற்றி. உள்ளே முழங்கால் மடங்கினது மடங்கினபடி. முதல் வாரம் என் தலையில் வீங்காத இடம் இல்லை.

இடிபடுவதையாவது பழகிக்கொள்ளலாம். மணல்மேடுதான் உண்மையான தலைவலி. மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்து, தலையை மட்டும் காட்டி, குழலைக் கீழே சாய்த்துச் சுட வேண்டும். குழல் முன்னால் தாழ்ந்தால் அதன் பின்பக்கம் உள்ளே மேலே எழும். கூரை தாழ்வாக இருந்தால் அது முட்டி நிற்கும். மேற்கத்திய டேங்குகள் பத்து டிகிரி வரை சாயும், டி-72 ஆறைத் தாண்டாது. அப்புறம் என்ன, இன்னும் கொஞ்சம் மேலே ஏறி உடம்பைக் காட்டித்தான் சுட வேண்டும். ஒளிந்துகொள்ள என்று குட்டையாகக் கட்டினது, ராஜஸ்தானில் அந்த மேட்டில் வந்து எட்டிப் பார்க்கும்.

ஆவடிக்காரன்:
அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சின்ன வயதில் தார்ப்பாய் போர்த்திய டேங்குகள் ரயிலில் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்போது உயரம்தான் கண்ணில் பட்டது, அகலத்தின் அருமை பின்னால்தான் புரிந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் டேங்க் டி-72ஐவிடப் பெரிய உயரமில்லை, 2.32 மீட்டர்தான். ஆனால் நாலு பேர், தடித்த கவசம் எல்லாம் அகலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன: 3.86 மீட்டர். வேகன், பாலம், சாலை எல்லாமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அர்ஜுனின் புதிய வடிவம் மார்க் 1ஏ வந்தபோது எடை 68 டன். டி-72க்கு அடுத்து வந்த ரஷ்ய டேங்க் டி-90 ஏறக்குறைய 46 டன். இப்போது லடாக் மலைக்கென்று 25 டன்னில் சோராவர் என்ற இலகுரக டேங்க்கை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஊர்சுற்றி அண்ணே, போவிங்டனில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டேங்க் டைகர் 131 பார்த்தீர்களா? ரயிலில் ஏற்றும்போதெல்லாம் சக்கரங்களைச் சுற்றி ஓடும் அதன் அகலமான செயினைக் கழற்றிவிட்டு ஒடுக்கமானதை மாட்டுவார்களாம்.

ஊர்சுற்றி:
பார்த்தேன். 725 மி.மீ. செயின் கழற்றி 520 மாட்டுவது. அதைச் செய்த ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பழைய லோடர்:
ஒரே ஒரு செயின் துண்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் நினைத்திருக்கவே மாட்டீர்கள், ஓடியிருப்பீர்கள்.