மிலானில் பெரிய ரெஸ்டாரன்ட்டுக்குப் போகுமுன்: புதிதாக வந்தவர்களுக்கு

மிலானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த முதல் சில மாதங்கள் வீட்டுச் சமையலும் தெருமுனைப் பீட்சாவுமாக ஓடிவிடும். அப்புறம் ஒருநாள் ஆபீஸில் டீம் டின்னர் என்பார்கள், இல்லை கல்யாண நாளுக்கு நல்ல இடமாகப் போகலாமே என்று வீட்டில் கேட்பார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பை, இத்தாலிய மொழியில் மட்டும் மெனு என்று யோசித்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படித் தயங்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விடாதீர்கள்: எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை, டேபிள் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் பாதி வாய்ப்பு போய்விடும்.

ஏன் என்றால், நல்ல சமையலறையில் பாதி வேலை காலையிலேயே முடிந்துவிடுகிறது. ரிசோட்டோ என்கிற குழைவான அரிசி உணவுக்கு ஊற்றும் ப்ரோதோ என்கிற வேகவைத்த சாறு, பாஸ்தாவுக்கான சாஸ், ரவியோலிக்குள் வைக்கும் பூரணம் எல்லாம் நீங்கள் வரும்போது தயாராக இருக்கும். இரவு எட்டரை மணிக்கு வெயிட்டரிடம் சைவம் என்று சொன்னால், பாவம், அவரால் சுட்ட காய்கறியும் சாலட்டும்தான் கொண்டுவர முடியும். முந்தின நாளே சொல்லியிருந்தால் தனியாகக் காய்கறிச் சாறு வைத்து, உங்களுக்கென்றே யோசித்துச் சமைப்பார்கள். என் அம்மா இங்கே வந்திருந்தபோது இப்படித்தான் சொல்லி வைத்தோம். வெங்காயம், செலரி, கேரட் போட்டு எடுத்த சாற்றில் குங்குமப்பூ ரிசோட்டோ வந்தது. தட்டில் பரப்பினால் மெதுவாக வழிகிற பதம், நடுவில் மட்டும் லேசாகக் கடிபடுகிற அரிசி. குங்குமப்பூவை அதுவரை இனிப்பில் மட்டுமே பார்த்திருந்த அம்மா, உப்பும் வெண்ணெயுமாக அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கிடைக்குமா என்று கேட்டார்.

மிலான் ரிசோட்டோ என்கிற அதே குங்குமப்பூ ரிசோட்டோவைச் சொல்லாமல் ஆர்டர் செய்தால் என்ன வரும் தெரியுமா? பழைய முறைப்படி அதில் மாட்டின் எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும். கண்ணுக்கு மஞ்சள் சோறுதான் தெரியும். அதனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள், கறித்துண்டு இல்லாவிட்டால் சைவம்தான் என்று நினைப்பவர்கள் சில இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மினெஸ்ட்ரோனே சூப்பில் பான்செட்டா என்கிற பன்றி இறைச்சி இருக்கலாம். கீரைவகையோடு வரும் ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் நெத்திலி மாதிரியான ஒரு மீனை எண்ணெயிலேயே கரைத்துவிடுவார்கள், தேடினாலும் அகப்படாது. சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. பன்னா கோத்தா என்கிற பால் இனிப்பு பெரும்பாலும் ஜெலட்டின் போட்டுத்தான் உறைகிறது. சீஸ் விஷயத்தில் கறாராக இருக்கும் குடும்பங்களுக்கு முக்கியமான ஒன்று: பார்மிஜானோ ரெஜ்ஜானோவையும் கிரானா பதானோவையும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள், விதியே அப்படி. பெக்கோரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி. இது வேண்டாம் என்றால் 'சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ' என்று சொல்லுங்கள், சீஸ் இல்லாமல் தருவார்கள்.

மாடு மட்டும் தவிர்ப்பவர்கள் மான்ஸோ, வித்தெல்லோ இரண்டையும் மெனுவில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். முதலாவது மாடு, இரண்டாவது கன்று. ஓஸ்ஸோபூக்கோ, மிலான் கொத்தொலெத்தா இரண்டும் கன்றுதான், பிரெஸாவோலா மாடு, ராகூ சாஸில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தே இருக்கும். பன்றியும் மதுவும் தவிர்க்கும் நண்பர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ரிசோட்டோவுக்கு அரிசியை வறுத்ததும் வெள்ளை ஒயின் ஊற்றுவது இங்கே வழக்கம், சில கடைகளில் திராமிசு என்கிற இனிப்பிலும் மது சேர்க்கிறார்கள்.

போனில் பேசத் தயக்கமாக இருந்தால் மெயிலில் எழுதுங்கள். போன்தான் என்றால் எட்டு ஒன்பது மணி நெரிசலில் கூப்பிடாதீர்கள். 'நோன் மஞ்ஜாமோ கார்னே, பேஷே, நே ப்ரோதோ தி கார்னே' என்ற ஒரு வரி போதும். இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றும் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்துவிடும்.

ஆர்டர் செய்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் கிடையாது. முதலில் கொறிக்க அன்திபாஸ்தி, அடுத்து பாஸ்தா அல்லது ரிசோட்டோ, அப்புறம் இறைச்சி அல்லது மீன், கடைசியில் இனிப்பு என்று மெனு நீளும். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கியாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடுவில் வைத்துப் பகிர ஒரு அன்திபாஸ்தோ, ஆளுக்கு ஒரு பாஸ்தா, அதுவே நிறைவான சாப்பாடு. பல தட்டுகள் வரிசையாக வரும் டேஸ்டிங் மெனுவை மட்டும் பெரும்பாலும் மேஜையில் உள்ள எல்லோரும் சேர்ந்து எடுக்கச் சொல்வார்கள்.

பில்லைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கோப்பெர்த்தோ என்று ஆளுக்குச் சில யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேஜைக்கும் சேர்த்து வாங்குவது அது, மெனுவில் அச்சிட்டிருக்கும், ஏமாற்று இல்லை. தண்ணீர் பாட்டிலாகத்தான் வரும், அதற்கும் காசு. டிப்ஸ் கட்டாயம் கிடையாது, மனசுக்குத் தோன்றினால் வையுங்கள். உண்மையிலேயே கவனிக்க வேண்டியது முழு மீனின் விலை. பக்கத்தில் 'எத்தோ' என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 7 யூரோ என்று நம்பி வாங்கிய மீன் 600 கிராம் இருந்தால் 42 யூரோ ஆகிவிடும். சமைக்குமுன் மீனைத் தட்டில் வைத்துக் காட்ட வருவார்கள், அப்போதே எடையைக் கேளுங்கள், அங்கே கேட்பது அநாகரிகமே இல்லை.

சாப்பிட்டு முடித்து அரைமணி ஆனாலும் பில் வராது. உங்களை யாரும் மறக்கவில்லை. கேட்காமல் பில் நீட்டினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வது போல என்று நினைப்பார்கள். 'இல் கோன்த்தோ, பெர் ஃபவோரே' என்றால் உடனே வரும்.

ஆபீஸ் டின்னருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பர்கள் கூட்டத்தில் மொத்தத்தையும் தலைக்குச் சமமாகப் பிரிப்பது இங்கே சாதாரணம். மற்றவர்கள் மாமிசமும் ஒயினும் எடுத்து, நீங்கள் பாஸ்தாவும் தண்ணீரும் எடுத்தாலும் அதே பங்குதான். அது இடிக்கும் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒயின் வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை, 'இல்லை, நன்றி' போதும்.

முழுச் சைவக் குடும்பம், ஒரு விசேஷ நாள் என்றால் போர்த்தா வெனேசியா பக்கம் ஜோயா என்கிற சைவ உணவகம் இருக்கிறது. சமையல் கலைஞர் பியெத்ரோ லீமான் 1989ல் தொடங்கியது, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரத்தை 1996ல் வாங்கியது, ஐரோப்பாவில் ஒரு சைவ உணவகத்துக்கு அதுதான் முதல் முறை. விலை அதிகம்தான். இப்படிப்பட்ட இடங்களில் மதியத்துக்கு விலை குறைந்த மெனு இருக்கிறதா என்று பார்த்துப் போவது நல்லது.

கைக்குழந்தை இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: தாராளமாகக் கூட்டிப் போங்கள், பிள்ளைகளை இங்கே நன்றாகவே கவனிப்பார்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் 'பாஸ்தா இன் பியான்கோ' கேளுங்கள், வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ மட்டும் போட்டுத் தருவார்கள். ஆனால் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஏழரைக்குத்தான் தொடங்கும், ஆறு மணிக்கே பசிக்கிற பிள்ளை என்றால் வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி நிறையக் கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும், அந்த மாதம் போவதானால் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.